கல்லூரிப் பெண்கள் கால்பந்து, ஹாக்கி, லக்ராஸ்: ஓட்டம் எவ்வளவு, எப்படி?

கேள்வி இதுதான். நியூஜெர்சியில் 11ஆம் வகுப்புப் படிக்கும் மகள், பள்ளி அணியில் இலையுதிர் காலத்தில் ஹாக்கியும் (ஐஸ் ஹாக்கி இல்லை, மைதானத்தில் ஆடுவது) வசந்தத்தில் லக்ராஸும் ஆடுகிறாள். கல்லூரி அணியில் சேர வேண்டும் என்று ஆசை. அவள் தோழி கால்பந்து வீராங்கனை. ஒரு மேட்சில் பத்து கிலோமீட்டர் ஓடுவதாகச் சொல்கிறாளாம். "அப்படியென்றால் கால்பந்தில்தான் ஓட்டம் அதிகமா? எங்கள் பெண்ணைத் தினமும் 5 மைல் ஓடச் சொல்லியிருக்கிறோம், இது போதுமா?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

தினமும் 5 மைல் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போதாது என்பதால் இல்லை. அந்த ஓட்டத்துக்கும் அவள் ஆடும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் குறைவு. நம் ஊர்ப் பள்ளியில் பி.டி. சார் "கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடிட்டு வா" என்று விரட்டினாரே, அந்தப் பழக்கம் நம் தலைமுறைப் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. தூரம் கூடினால் உடம்பு தயாராகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

தோழி சொன்ன கணக்கு பொய்யில்லை. முதல் டிவிஷன் கல்லூரிக் கால்பந்தில் 90 நிமிடமும் ஆடும் பெண் சுமார் 9 முதல் 10 கி.மீ. ஓடுவாள். நடு ஆட்டக்காரிகளுக்குக் கொஞ்சம் கூடும், நடுத் தடுப்பாளர்களுக்குக் குறையும். ஹாக்கியில் 5, 6 கி.மீ. வரும். லக்ராஸில் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பதைப் பொறுத்துத் தோராயமாக 4 முதல் 6. இதோடு நிறுத்திக்கொண்டால் கால்பந்துதான் கடினம் என்று தோன்றும்.

இப்போது அதே எண்களை நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். கால்பந்தில் 9.5 கி.மீ.யை 90ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 105 மீட்டர். ஹாக்கி மேட்ச் மொத்தமே 60 நிமிடம், அதிலும் ஒரு பெண் களத்தில் நிற்பது பெரும்பாலும் 40, 45 நிமிடம்தான். 43 நிமிடத்தில் 5.2 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 120 மீட்டருக்கு மேல். ஆக, தூரம் பாதியாகத் தெரிகிற ஹாக்கியில், களத்தில் நிற்கிற நேரத்தில் வேகம் அதிகம். பயிற்சியாளர்கள் மேட்ச் முடிந்ததும் முதலில் பார்ப்பது இந்த நிமிடக் கணக்கைத்தான். அதுவும் சராசரியை மட்டுமில்லை, மேட்சிலேயே மிகக் கடினமான ஒரு நிமிடம் எப்படிப் போனது என்று பார்ப்பார்கள். பந்து இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மாறி மாறிப் பாயும் அந்த ஒரு நிமிடத்தில் 150 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். சராசரிக்குத் தயார் செய்த பெண்ணுக்கு அந்த நிமிடத்தில் மூச்சு வாங்கும். அடுத்த ஐந்து நிமிடத்துக்குக் கால் எழும்பாது.

இந்த வித்தியாசத்துக்கெல்லாம் முக்கியமான காரணம் விதிப் புத்தகம். யாரை எப்போது மாற்றலாம், கடிகாரம் எப்போது நிற்கும், எத்தனை பேர் கோட்டைத் தாண்டலாம் என்கிற விதிகள்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

கால்பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பையில் வெளியே போனவள் திரும்ப வர முடியாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதியில் முடியும். முதல் பாதியில் வெளியேறினால் அந்தப் பாதிக்குள் திரும்ப முடியாது, ஆனால் இரண்டாம் பாதியில் ஒருமுறை வெளியே போய் மறுபடி உள்ளே வரலாம். மாற்று ஆட்டக்காரிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கடிகாரமும் 45இலிருந்து கீழ்நோக்கி ஓடும். கோல் விழுந்தால் நிற்கும், கடைசியில் கூட்டித் தரும் நேரம் கிடையாது. இந்த விதியை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆன்சன் டோரன்ஸ். 1979இலிருந்து 2024 வரை பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர், 21 என்சிஏஏ பட்டங்கள். அவர் அணி எதிராளியின் பாதியிலேயே போய்ப் பந்தைப் பறிக்கும். அப்படி 90 நிமிடமும் துரத்த யாராலும் முடியாது. அதனால் முன்வரிசைக்குப் பதில் இன்னொரு வரிசை இறங்கும், அவர்களும் அதே வேகத்தில் துரத்துவார்கள். அங்கே ஆடும் முன்வரிசைப் பெண் 90 நிமிட ஓட்டத்துக்குத் தயாராக வேண்டியதில்லை. 25 நிமிடம் வெறித்தனமாக ஓடி, உட்கார்ந்து, குளிர்ந்துபோன காலோடு மறுபடி இறங்கி அதே வேகத்தைக் காட்டத் தெரிந்தால் போதும். அது வேறு மாதிரித் தேவை. கல்லூரி முடித்து அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்குக்குப் போனால் ஐந்தே மாற்றுகள், திரும்பி வருவது கிடையாது. அப்போது பலர் திணறுவது இதனால்தான்.

இதில் புதிதாக ஒரு திருப்பமும் வந்திருக்கிறது. கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்குத் தீர்வு 2025 ஜூனில் ஒப்புதலானது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணி எண்ணிக்கை வரம்பு உண்டு. கால்பந்துக்கு 28, ஹாக்கிக்கு 27, பெண்கள் லக்ராஸுக்கு 38. முப்பதுக்கு மேல் ஆள் வைத்திருந்த அணிகளில் பெஞ்ச் சுருங்கினால், இருக்கிறவர்கள் தலையில்தான் கூடுதல் நிமிடங்கள் விழும்.

ஹாக்கிக்கு வருவோம். நமக்கு ஹாக்கி என்றதும் ஆண்கள் அணியும் ஒலிம்பிக் தங்கமும் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரியில் அது பெண்கள் ஆட்டம்; ஆண்களுக்கு என்சிஏஏ போட்டியே இல்லை. 1901இல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஹார்வர்டில் ஆடிக் காட்டி, அப்புறம் பெண்கள் கல்லூரிகளில் பரப்பியது. 2019 முதல் 15 நிமிடக் கால் பகுதிகள் நான்கு. அதற்கு முன் 35 நிமிடப் பாதிகள் இரண்டு. நேரம் குறைந்ததே, இளைப்பாறலாம் என்று நினைக்கலாம். நடந்தது வேறு. நடுவில் ஓய்வு அதிகம் கிடைப்பதால் ஒவ்வொரு பகுதியையும் முழு வேகத்தில் ஆட முடிகிறது. பெனால்டி கார்னர் நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆஃப்சைடு 1990களிலேயே போய்விட்டது. ஃப்ரீ ஹிட் கிடைத்தால் தானே தட்டிக்கொண்டு ஓடலாம். ஆகவே விசில் ஊதினாலும் மூச்சு விட இடைவெளி கிடைப்பதில்லை. முன்வரிசைக்காரி ஏழெட்டு நிமிடம் ஓடிவிட்டு வெளியே வந்து இரண்டு மூன்று நிமிடம் உட்காருவாள், மறுபடி உள்ளே போவாள்.

ஓட்டத்தை அளக்க உடம்பில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி காட்டாத ஒன்றும் ஹாக்கியில் உண்டு. அது குனிந்து ஓடுவது. நிமிர்ந்து 100 மீட்டர் ஓடுவதும், இடுப்பை மடக்கி, மட்டையைத் தரையோடு வைத்துக்கொண்டு ஓடுவதும் ஒன்றல்ல. இதயத் துடிப்பு கூடும், கீழ் முதுகும் தொடையின் பின்புறமும் சுமையை வாங்கும். மட்டையின் ஒரு பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம் என்பதால் உடம்பும் ஒரு பக்கமாகவே திருகும். சீசன் நடுவில் முதுகு வலி என்று வருகிற ஹாக்கிப் பெண்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

லக்ராஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நுனியில் வலை கட்டிய குச்சியில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி கோலுக்குள் எறிவது. பெண்கள் அணியில் 12 பேர். இங்கே நிலைக்கு நிலை வித்தியாசம் மற்ற இரண்டையும்விடப் பெரிது. காரணம் மறுபடி ஒரு விதிதான். மைதானத்தின் இரு பக்கமும் ஒரு தடைக்கோடு உண்டு. அதைத் தாண்டித் தாக்கப் போகலாம் என்றால் 7 பேர்தான், தடுக்க நிற்பது கோலியைச் சேர்த்து 8 பேர்தான். மிச்சப் பேர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். அதனால் தாக்குபவளும் தடுப்பவளும் பாதி மைதானத்தில் வாழ்கிறார்கள். மிட்ஃபீல்டர் மட்டும் முழு மைதானத்தையும் அளக்கிறாள். மேலே நான் சொன்ன 6 கி.மீ. அவளுடையது.

அவளுடைய இரண்டு நிமிடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டிரா, அதாவது நடுவில் இரண்டு பேர் குச்சிகளுக்கு இடையில் பந்தை வைத்து மேலே எழுப்பி ஆட்டத்தைத் தொடங்குவது. பந்து பிரியும் வரை நடுவில் ஒரு அணிக்கு மூன்று பேர்தான், மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால். பந்து மேலே எழும்புகிறது, மூன்று எட்டில் பாய்ந்து தோளோடு தோள் உரசிப் பிடிக்கிறாள். அடுத்த நொடி 40 மீட்டர் நேர் ஓட்டம், பின்னால் ஒருத்தி துரத்துகிறாள். வழி அடைபட்டதும் பட்டென்று நிற்கிறாள், பந்தைத் தள்ளிவிடுகிறாள். இனி 90 வினாடிக் கடிகாரம்; அதற்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். அணி பந்தைச் சுற்றி விடும்போது பார்த்தால் சும்மா நிற்பதுபோலத் தெரியும். ஆனால் ஆறு மீட்டர் உள்ளே வெட்டி, நின்று, திரும்பி வெளியே வருகிறாள். மறுபடி அதே. மறுபடி. ஷாட்டைக் கோலி தடுத்து நீளமாக எறிந்துவிட்டாள் என்றால், இவள் திரும்பி மொத்த மைதானத்தையும் ஓடிக் கடந்து, அந்த முனையில் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து தடுக்க வேண்டும். 2018 சீசனிலிருந்து விசில் ஊதினால் எல்லோரும் சிலைபோல நிற்க வேண்டும் என்ற பழைய விதியும் இல்லை. நாடகக்காரர்கள் உறைந்து நிற்பதுபோல நின்ற அந்தக் காலத்தில் கிடைத்த ஓய்வு, இன்றைய மிட்ஃபீல்டருக்குக் கிடையாது. 2022இலிருந்து இங்கேயும் கால் பகுதிகள் நான்கு. நல்ல அணிகள் மிட்ஃபீல்டரையே தாக்க ஒருத்தி, தடுக்க ஒருத்தி என்று பிரித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுகிறார்கள்.

கோல்கீப்பரைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவள் தேவை முற்றிலும் வேறு, அவளைத் தூர ஓட்டத்தில் மற்றவர்களோடு சேர்த்து ஓடவிடுவது நேர விரயம்.

இனி எண்கள் எப்படி வருகின்றன என்று கொஞ்சம். பெண்கள் உள்சட்டைபோல ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி இருக்கும். கேட்டபுல்ட், ஸ்டாட்ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்களுடையது, பெரும்பாலும் வினாடிக்குப் பத்து முறை இடத்தைக் குறிக்கும். நீண்ட ஓட்டத்தை நன்றாகவே அளக்கும். ஐந்து மீட்டர் பாய்ச்சலையும் சடார்த் திருப்பத்தையும் அவ்வளவு நம்ப முடியாது. லக்ராஸ் தடுப்பாளர் அறிக்கையில் சோம்பேறிபோலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய சிக்கல் வேகக் கோட்டில் இருக்கிறது. மணிக்கு எத்தனை கி.மீ.க்கு மேல் போனால் ஸ்பிரின்ட்? ஆண்கள் கால்பந்தில் 25.2 என்று வைப்பது வழக்கம். பல கல்லூரிகளில் மென்பொருளோடு வந்த அந்தக் கோட்டையே பெண்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். 2019 பெண்கள் உலகக் கோப்பைக்கான ஃபிஃபா ஆய்வில் 19க்கு மேல் அதிவேகம், 23க்கு மேல் ஸ்பிரின்ட் என்று வைத்தார்கள். மணிக்கு 23 என்றால் 100 மீட்டரை 15.7 வினாடியில் கடக்கும் வேகம். கல்லூரிப் பெண்ணின் உச்ச வேகம் பெரும்பாலும் 26க்கும் 29க்கும் இடையில் இருக்கும். 26 உச்சம் உள்ளவளுக்கு 25.2 கோடு வைத்தால், மேட்சில் பலமாக ஓடி 25ஐத் தொட்ட ஓட்டம்கூட அறிக்கையில் "ஸ்பிரின்ட் 0" என்று விழும். அதைப் பார்த்து "நீ ஓடவே இல்லை" என்று திங்கள்கிழமை கூடுதல் ஓட்டம் கொடுக்கும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரின் சொந்த உச்ச வேகத்தில் 80, 90 சதவீதம் என்று கோடு போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்தக் கோடு வைத்தாலும் சரி, 23க்கு மேல் ஓடும் தூரம் கால்பந்தில்கூட மொத்தத்தில் சில நூறு மீட்டர்தான். பெரும்பாலானவை இருபது மீட்டருக்குள் முடிந்துவிடும். கோல் விழுவதும் தப்புவதும் அந்தச் சில நூறு மீட்டரில். தொடையின் பின்தசை கிழிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பாய்வதைவிட நிற்பது உடம்புக்குக் கடினம். முழு வேகத்தில் வந்து இரண்டு எட்டில் பிரேக் போடும்போது முழங்கால் தாங்குகிற விசை, வேகம் எடுக்கும்போது உள்ளதைவிட அதிகம். தசை நீண்டுகொண்டே இழுபடுவதால் மறுநாள், அதற்கு மறுநாள் வலியும் அதிகம். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது பல ஆண்டு என்சிஏஏ காயப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பாதிக்கு மேல் யாரும் இடிக்காமலே நடப்பவை. நிற்கும்போது, திரும்பும்போது, குதித்து இறங்கும்போது நடக்கிறது. நேராக 5 மைல் ஓடுகிற பெண் ஒருமுறைகூடப் பிரேக் போடுவதில்லை. உங்கள் திட்டத்தில் எனக்குள்ள முக்கியமான ஆட்சேபம் இதுதான்.

அடுத்தது காலண்டர். கல்லூரிக் கால்பந்தில் வியாழன் இரவு ஒரு மேட்ச், ஞாயிறு மதியம் ஒரு மேட்ச் என்பது பரவலான ஏற்பாடு. இரவு 7க்கும் மதியம் 1க்கும் நடுவில் 66 மணி நேரம். ஹாக்கியில் வெள்ளி, ஞாயிறு. இடைவெளி இன்னும் குறைவு. தசையில் மாவுச்சத்து இருப்பு நிரம்பவே ஒன்றிரண்டு நாள் ஆகும். இடையில் வகுப்பு, தேர்வு, பயணம். 2024இலிருந்து கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரை லீக்கில் (ஏசிசி) ஆடுகிறது, யூசிஎல்ஏ பிக் டென் லீக்கில். கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்கு விமானம், மூன்று மணி நேர நேர வித்தியாசம், இறங்கி ஆட வேண்டும். சீசனில் வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று என்சிஏஏ விதி சொல்கிறது. பயண நேரம் அந்த இருபதில் சேராது, மேட்ச் நாள் எத்தனை மணி நீண்டாலும் 3 மணி நேரம் என்றே கணக்கு.

மிகவும் ஆபத்தான காலம் ஆகஸ்ட். கோடையில் தனியாக மெதுவாக ஓடிக்கொண்டிருந்த பெண், சீசனுக்கு முந்தைய பயிற்சியில் வந்து இறங்கியதும் வெயிலில், சூடேறிய செயற்கைப் புல்லில், ஒரே வாரத்தில் அவள் கோடை முழுக்கப் போடாத பிரேக்குகளைப் போடுகிறாள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி, தொடை இடுக்கு வலி எல்லாம் இரண்டாம் வாரத்தில் வரிசையாக வரும்.

சரி, என்ன செய்யலாம்? வாரத்தில் இரண்டு நாள் விட்டு விட்டு ஓடும் ஓட்டம்: 15 வினாடி வேகமாக, 15 வினாடி நடை, எட்டுப் பத்து நிமிடம், இடைவெளி விட்டு இரண்டு சுற்று. இல்லையென்றால் நான்கு நிமிடம் பலமாக, மூன்று நிமிடம் லேசாக, நான்கு முறை. இன்னொரு நாள் உண்மையான வேகம்: நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 30, 40 மீட்டர் முழு வேக ஓட்டங்கள் ஐந்தாறு, நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் அது வேகப் பயிற்சியாக இருக்காது. கிளப் பயிற்சியில் நாலுக்கு நாலு சின்ன ஆட்டம் ஆடுகிறாளே என்பீர்கள். அது பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அருமையானது, ஆனால் சின்ன இடத்தில் உச்ச வேகம் வரவே வராது. தொடைத் தசையை உச்ச வேகத்துக்குப் பழக்க வாரம் ஒருமுறையாவது திறந்த இடத்தில் ஓடித்தான் ஆக வேண்டும். ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப் இணையத்தில் இலவசம். கால்பந்துக்காக வந்தது என்றாலும் மூன்று ஆட்டத்துக்கும் பொருந்தும். அதோடு வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி. ஒற்றைக் கால் பயிற்சிகளை விடக் கூடாது. நீள ஓட்டம் பிடித்திருந்தால் வாரம் ஒருநாள் அரை மணி நேரம் லேசாக ஓடட்டும், தப்பில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இவ்வளவு ஓடுகிற பெண் போதுமான அளவு சாப்பிடாவிட்டால் முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும், அப்புறம் எலும்பில் விரிசல் வரும். "ஸ்போர்ட்ஸ் ஆடுகிறாள், அதனால் பீரியட்ஸ் வரவில்லை, பரவாயில்லை" என்று விட்டுவிடாதீர்கள்; உடனே மருத்துவரிடம் போங்கள். சைவ வீடு என்றால் இரும்புச்சத்தையும் பாருங்கள். வளர்ந்த ஆண்களுக்கு நாளுக்கு 8 மி.கி. போதும், இந்த வயதுப் பெண்களுக்கு 15 முதல் 18 வேண்டும். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு எடுக்கலாம். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் நம் வழக்கம் இரும்பு சேர்வதைக் குறைக்கும்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். கீரையோ பருப்போ, மேலே எலுமிச்சை பிழிந்தால் நல்லது. மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லியோ சாதமோ தாராளமாகச் சாப்பிடலாம். மாவுச்சத்தைக் கண்டு பயப்படுகிற பெண்ணால் கடைசிக் கால் பகுதியில் ஓட முடியாது.

கடைசியாக, கல்லூரிகளைப் பார்க்கப் போகும்போது பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை. முதலாண்டுப் பெண்கள் ஒரு மேட்சில் எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள்? ஜிபிஎஸ் அறிக்கை வீராங்கனைக்குக் காட்டப்படுமா, வேகக் கோடு எதை வைத்து? ஆகஸ்டில் சேர்ந்ததும் என்ன ஃபிட்னஸ் டெஸ்ட்? சில இடத்தில் யோ-யோ (20 மீட்டர் போய்த் திரும்பி, வேகம் கூடிக்கொண்டே போகும் ஓட்டம்), சில இடத்தில் 30-15 (30 வினாடி ஓட்டம், 15 வினாடி நடை), சில பழைய பயிற்சியாளர்கள் இன்னமும் 120 கஜத்தை 18 வினாடிக்குள் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். மூன்றும் மூன்று விதமான தயாரிப்பு. என்ன டெஸ்ட் என்று மே மாதமே தெரிந்துவிட்டால், கோடைப் பயிற்சியின் கடைசி நான்கு வாரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.